அளந்த பிறகு மாற்றுங்கள்: பழைய வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர் கேள்வி-பதில்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் மாடல் பெயரும் இல்லை, அளந்து பார்த்த மின்னழுத்தம் ஒன்றும் இல்லை. "முன்போல ஒலிக்கவில்லை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு பழுதைக் கண்டுபிடிக்க நான் சோதிடன் அல்லன். பதிலுக்குப் போகுமுன் வழக்கமான எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். சில ஆயிரம் ஓம் மதிப்பும் 5 வாட் தாங்குதிறனும் உள்ள ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அதன் பிறகே உள்ளே கை வையுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த 1960களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின்மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு ஏடுதான் மின்காப்பு. பல ஆண்டுகள் மின்னழுத்தமே காணாமல் கிடந்தால் அந்த ஏடு நலிந்திருக்கும், உள்ளே இருக்கும் திரவமும் உலர்ந்திருக்கும். அந்த நிலையில் திடீரென்று 450 வோல்ட் வந்து விழுந்தால் கபாசிட்டர் போவதோடு நிற்காது, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். கபாசிட்டர் எங்கும் கிடைக்கும், அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு, 60 வாட் இழை பல்பு ஒன்றைச் சீரிஸில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் முதலில் சோதியுங்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர், வால்வாக இல்லாமல் டயோடாக இருக்கும் மாடலானால் உயர் மின்னழுத்தக் கம்பிகளைக் கழற்றிக் காப்பிட்டுவிட்டுச் சோதியுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் நலம், விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட்.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை வைத்து மெல்ல மெல்ல ஏற்றிப் பழைய கபாசிட்டரை உயிர்ப்பிக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வால்வு ரெக்டிஃபயர் உள்ள ஆம்ப்ளிஃபயரில், அதன் ஹீட்டர் போதிய அளவு சூடாகும்வரை எதுவுமே கடத்தாது. கடத்தத் தொடங்கும்போது நூறு, இருநூறு வோல்ட் ஒரேயடியாக வந்து சேரும். எந்த மெதுவான ஏற்றத்துக்காக வேரியாக் வாங்கினீர்களோ அது நடக்கவே இல்லை என்றாகிவிடும். அப்படியே உயிர்ப்பித்தாலும் அறுபது வயதான எலக்ட்ரோலிட்டிக்கை நம்பி ஒரு மாலை முழுதும் வாசிக்க முடியாது. ஃபில்டர்களைப் புதிதாகப் போடுங்கள். 20 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் இடத்தில் 22 போட்டால் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: இரண்டு முனை பிளக்கும் வயரும் அசலானவை. மாற்றினால் பழம்பொருள் மதிப்புக் குறையாதா?

பதில்: குறையட்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில், சுவர் மின்சாரமான மெயின்ஸின் ஒரு கம்பியிலிருந்து உலோகச் சட்டமான சேஸிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்று போகிறது. அது நல்ல நிலையில் இருக்கும்போதே, 120 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 2 மில்லியாம்பியரைச் சேஸிஸுக்குக் கசியவிடும். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று வருவது அதனால்தான். அது ஷார்ட் ஆகிவிட்டால் முழு மெயின்ஸ் மின்னழுத்தமும் கிதார் கம்பிக்கு வந்துவிடும். தொழிலில் இருப்பவர்கள் அதற்குச் சாவுக் கபாசிட்டர் என்று பெயர் வைத்திருப்பது சும்மா அல்ல. அதை வெட்டி எறிந்துவிட்டு மூன்று கம்பி வயர் போடுங்கள். எர்த் கம்பிக்குச் சேஸிஸில் தனி போல்ட் வேண்டும், அதன் நீளமும் மற்ற இரண்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அது கடைசியாகத்தான் பிய்ந்து வர வேண்டும். லைவ் கம்பி முதலில் ஃபியூஸுக்கும் பிறகு சுவிட்சுக்கும் போகட்டும். பழைய பிளக்கை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், மதிப்பு அங்கே பத்திரமாக இருக்கும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் இரைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எது இரைகிறது, எப்போது இரைகிறது? வால்யூமைக் குறைத்தால் அடங்குகிறதா? கிதாரைக் கழற்றினால் நிற்கிறதா? இவற்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். பொதுவாகச் சொல்வதானால், மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில், 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் ஃபில்டர் கபாசிட்டர்களையும், 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ஹீட்டர் கம்பிகளையும் எர்த் இணைப்புகளையும் சந்தேகிக்க வேண்டும். ஹீட்டர் சுற்றுக்கு நடு முனை இல்லையென்றால், இரு பக்கமும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்கு இணைத்துச் செயற்கையாக ஒரு நடு முனையை உண்டாக்கலாம். மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பில் எல்லாக் கபாசிட்டர்களையும் எல்லா ரெசிஸ்டர்களையும் உயர்ரகமாகப் பார்த்து மாற்றிவிட்டேன். இப்போது வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் கீச்சிடுகிறது, ஒலியும் தட்டையாக இருக்கிறது. எந்த பிராண்டுக்கு மாறினால் சரியாகும்?

பதில்: இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு மாதந்தோறும் வருகிறது. மாற்றுவதற்கு முன் என்ன பழுது இருந்தது என்பதை இந்த நண்பரும் எழுதவில்லை. பழுதே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்துப் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எலக்ட்ரோலிட்டிக் நிச்சயம் உலரும். மெழுகுக் காகிதக் கபாசிட்டர் ஈரம் வாங்கி நிச்சயம் கசியும். ஆனால் 1960களின் ஃபெண்டரில் இருக்கும் நீல நிற வார்ப்பு கபாசிட்டரும், மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கடுகு நிறக் கபாசிட்டரும் பிளாஸ்டிக் படலத்தால் ஆனவை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் முதல் நாள் போலவே இருக்கின்றன. செராமிக்கும் அப்படியே. கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஆண்டுகள் போகப் போக மேலே நகரும். வால்வின் நேர்முனையான பிளேட்டில் இருக்கும் 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தாலோ, பொரிவதுபோல் சடசடத்தாலோ மாற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

கபாசிட்டர் கசிகிறதா என்று பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. மின்னேற்றத்தை வடித்துவிட்டு, அடுத்த வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டை நோக்கியிருக்கும் காலை மட்டும் பற்றவைப்பிலிருந்து தூக்கிவிடுங்கள். அந்தப் பெருக்கக் கட்டத்துக்கு உரிய வால்வைக் கழற்றி வைத்து, மின்சாரம் கொடுத்து, தூக்கிய காலுக்கும் சேஸிஸுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் அந்தக் கபாசிட்டர் உங்களைவிட நீண்ட நாள் இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். விலை உயர்ந்த கபாசிட்டர் போட்டதும் ஒலி தெளிந்தது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நான் பார்த்தவரை, பழையது கசிந்துகொண்டிருந்தது, புதியது கசியவில்லை, அவ்வளவுதான். சாதாரணக் கபாசிட்டர் போட்டிருந்தாலும் அதே தெளிவுதான் வந்திருக்கும்.

என் மேசைக்கு ஒருமுறை மார்ஷல் ஒன்று வந்தது. ஏதோ ஒரு பட்டறையில் உள்ளே இருந்த அத்தனையும் மாற்றியிருந்தார்கள், பழைய பாகங்களைக் குப்பையில் போட்டிருந்தார்கள். பழுது மட்டும் அப்படியே இருந்தது. 9 ஊசி சாக்கெட் ஒன்றில் ஒரு பிடிப்பு விரிந்து தளர்ந்திருந்தது. ஊசியால் நெருக்கிவிட்டதும் சரியாயிற்று. போன பாகங்கள் போனவைதாம்.

உங்கள் கீச்சுக்குக் காரணம் பெரும்பாலும் கம்பிகளின் போக்கு. டீலக்ஸ் ரிவெர்பில் இருக்கும் ஏபி763 என்ற ஃபெண்டர் சர்க்யூட்டில் பிளேட் கம்பிகளும் கிரிட் கம்பிகளும் எங்கே சேஸிஸை ஒட்டிப் போக வேண்டும், எங்கே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க வேண்டும் என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். நூறு இடத்தில் பற்றவைப்பைப் பிரித்து மறுபடி வைக்கும்போது அந்தப் போக்கு கலைந்துவிடுகிறது. உலர்ந்த மரக்குச்சி ஒன்றால் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கீச்சு எங்கே அடங்குகிறது என்று பாருங்கள். மற்றொரு கை பையில் இருக்கட்டும். தட்டையான ஒலிக்கு ரெசிஸ்டர் மதிப்புகளைச் சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டு வாருங்கள். மொத்தமாக மாற்றியவர்கள் ஓர் இடத்திலாவது ஒரு பூஜ்யத்தைக் கூட்டியோ குறைத்தோ படித்திருப்பார்கள். பிராண்டைப் பற்றி மறந்துவிடுங்கள். அடுத்த ஆம்ப்ளிஃபயரிலாவது அளந்த பிறகு மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய பாகத்தைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: புதிய ஃபில்டர், புதிய பயஸ் கபாசிட்டர் எல்லாம் போட்ட பிறகு பவர் வால்வுகளின் பிளேட் சிவந்து எரிகிறது. வால்வு மட்டமானதா?

பதில்: உடனே அணையுங்கள். பயஸ் கபாசிட்டரைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். பவர் வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயஸ் மின்னழுத்தம் எதிர்மறையானது. ஆகவே அந்த ஒரு கபாசிட்டரின் நேர்முனைதான் எர்த்துக்குப் போக வேண்டும். மற்றவற்றைப் பார்த்துப் பழகிய கை அதையும் அதே திசையில் வைத்துவிடுகிறது. பெரிய ஃபெண்டர்களில் 70 மைக்ரோஃபாரட் ஃபில்டர் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சீரிஸில் இருந்தால், ஒவ்வொன்றின் குறுக்கேயும் இருக்கும் 220 ஆயிரம் ஓம் ரெசிஸ்டரை விட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இரண்டும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது.

கேள்வி: பயஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? நண்பர் 35 மில்லியாம்பியர் என்கிறார்.

பதில்: பிளேட் மின்னழுத்தம் தெரியாமல் சொல்லும் எந்த எண்ணும் பொருளற்றது. நிலையான பயஸ் உள்ள ஆம்ப்ளிஃபயரில், வால்வு தாங்கும் பிளேட் வாட்டில் 70 சதவீதம் என்பது மேல் எல்லை. 6எல்6ஜிசி என்ற பவர் வால்வு 30 வாட் தாங்கும். அதில் 70 சதவீதம் 21 வாட். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் சுமார் 48 மில்லியாம்பியர். அதற்குக் கீழே காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், ஆக நண்பரின் 35 தவறு என்றும் சொல்லமாட்டேன். வால்வின் எதிர்முனையான கேத்தோடுக்கும் எர்த்துக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு மில்லிவோல்ட் ஒரு மில்லியாம்பியராகப் படிக்கலாம். ஸ்கிரீன் என்ற மற்றொரு கிரிட்டின் மின்னோட்டமும் அதில் சேர்ந்துவரும், சில மில்லியாம்பியர் கழித்துக்கொள்ளுங்கள். பழைய 6எல்6 வகைகள் எல்லாம் 30 வாட் தாங்குபவை அல்ல, ஆகவே வால்வின் மேல் எழுதியிருக்கும் பெயரை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: 6எல்6 சாக்கெட்டிலேயே ஈஎல்34 வால்வைப் போட்டு மார்ஷல் ஒலியைக் கொண்டுவரலாமா?

பதில்: சாக்கெட்டில் பொருந்துவதெல்லாம் சர்க்யூட்டில் பொருந்தாது. 6எல்6 ஹீட்டருக்கு 0.9 ஆம்பியர் போதும், ஈஎல்34க்கு 1.5 வேண்டும், அந்தக் கூடுதலை உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, 6எல்6இல் 1ஆம் ஊசிக்கு வேலை இல்லை என்பதால் 1960களின் ஃபெண்டர்கள் அதையே பயஸ் வரும் 1500 ஓம் ரெசிஸ்டரைக் கட்டும் கம்பமாகப் பயன்படுத்தின. ஈஎல்34இல் அதே ஊசி சப்ரஸர் கிரிட், அது கேத்தோடோடு இணைய வேண்டும். ரெசிஸ்டரை இடம் மாற்றி, 1ஆம் ஊசியையும் கேத்தோடான 8ஆம் ஊசியையும் இணைத்து, பயஸை மறுபடி அமைத்த பிறகே போடலாம். இத்தனைக்குப் பிறகும் அது மார்ஷலைப் போல ஒலிக்காது. முதல் மார்ஷலான ஜேடிஎம்45, 1962இல் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதும், அதில் அப்போது ஈஎல்34 இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: 5ஒய்3 ரெக்டிஃபயர் வால்வுக்குப் பதில் ஜிஇசட்34 போட்டு, முதல் ஃபில்டரையும் 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் பாஸ் இறுக்கமாகும் அல்லவா?

பதில்: ஆகும், ரெக்டிஃபயர் உயிரோடு இருக்கும்வரை. 5ஒய்3 தன்னுள் 50 வோல்ட் அளவுக்கு விழுங்கும், ஜிஇசட்34 அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். மீதி முழுதும் பவர் வால்வுகளின் தலையில் போய் விழும் என்பதால் பயஸை மறுபடி அளக்க வேண்டும். முதல் ஃபில்டருக்கு எல்லை ஜிஇசட்34க்கு 60 மைக்ரோஃபாரட், 5ஒய்3க்குச் சுமார் 20.

கேள்வி: 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த 117 வோல்ட் ஆம்ப்ளிஃபயரை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓட்ட ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

பதில்: போதும், ஆனால் அது எர்த் கம்பியையும் கடத்துவதாக இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஆகவே சூடும் கூடும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு புறங்கையை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாவிட்டால் மெயின்ஸை 110க்குக் குறைக்கலாம், ஹீட்டரில் மட்டும் 5.7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: வீட்டில் வாசிக்க ஒலி அதிகம். சேஸிஸில் துளையிட்டு மாஸ்டர் வால்யூம் வைக்கப் போகிறேன்.

பதில்: துளையை அடைக்க முடியாது. முதல் பெருக்க வால்வான 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றி 12ஏஒய்7 போட்டுப் பாருங்கள். பெருக்கம் 100இலிருந்து 44 அளவுக்கு இறங்கும், ஊசிகள் ஒன்றே, பத்து வினாடியில் பழையபடி ஆக்கலாம். நான்கு பவர் வால்வு உள்ள ஆம்ப்ளிஃபயரில் வெளிப்புற இரண்டையோ உட்புற இரண்டையோ எடுத்துவிட்டு, ஸ்பீக்கரின் ஓமை இரட்டிப்பாக்கலாம். ஆனால் வாட் பாதியானால் ஒலி 3 டெசிபெல்தான் குறையும், பெரிய நிம்மதியை எதிர்பார்க்காதீர்கள். சாவுக் கபாசிட்டர் இணைந்திருந்த எர்த் சுவிட்சின் துளை ஏற்கனவே இருக்கிறது. சாவுக் கபாசிட்டரோடு சேர்த்து அந்தச் சுவிட்சையும் எடுத்திருந்தால் மாஸ்டர் வால்யூமை அங்கே வைக்கலாம்.

கேள்வி: டோன் திருகியைத் திருப்பும்போது கரகரக்கிறது. ஸ்பிரே அடித்தும் நிற்கவில்லை.

பதில்: ஸ்பிரேயைக் கீழே வையுங்கள். டிசியைத் தடுக்க வேண்டிய கபாசிட்டர் கசிந்து திருகியில் டிசி விழுகிறதா என்று பாருங்கள். மேலே டீலக்ஸ் ரிவெர்பு நண்பருக்குச் சொன்ன சோதனைதான்.

கேள்வி: ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 5 போட்டேன், இப்போது நிற்கிறது.

பதில்: நிற்பது ஃபியூஸ். அடுத்து எரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர். 2 ஆம்பியரைத் திரும்பப் போட்டு, ரெக்டிஃபயரையும் பவர் வால்வுகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்தபோது போகிறதோ பழுது அதில் அல்லது அதற்குப் பின்னால்.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மின்காப்பு துளைபட ஒரு நிமிடம் தேவையில்லை. 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: ஸ்டாண்ட்பை சுவிட்ச் அவசியமா?

பதில்: ஹீட்டர்களை எரியவிட்டு உயர் மின்னழுத்தத்தை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் அது. இந்த அளவு மின்னழுத்தத்தில் அவசியமில்லை. இருந்தால் இருக்கட்டும், ஆனால் மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் விட்டு வைக்காதீர்கள். இடைவேளை நீளமானால் முழுதாக அணைத்துவிடுங்கள்.