பொம்மை கேக்: பாவாடை சாயாமலும் கிரீம் வழியாமலும் இருக்க

கேள்வி: என் மகளுக்கு மே மூன்றாம் வாரத்தில் ஐந்து வயது நிறைகிறது. தன்னுடைய பார்பி பொம்மையே கேக்கின் நடுவில் நிற்க வேண்டும், அதன் பாவாடை முழுவதும் கேக்காக இருக்க வேண்டும் என்கிறாள். சென்ற ஆண்டு முயன்றபோது கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேலே பூசிய கிரீமோ வாழ்த்துப் பாட்டு முடிவதற்குள் வழிந்து தட்டில் இறங்கிவிட்டது. வீட்டில் ஓடிஜி (கேக் சுடும் சிறிய மின்அடுப்பு) உண்டு. பொம்மை கேக்குக்கான தனி அச்சு இல்லை. சுமார் முப்பது பேர் வருவார்கள், முட்டை சேர்க்கலாம். இந்த முறையாவது சரியாக வருமா? – வாசகி, மதுரை.

பதில்: வரும். ஆனால் மாவை அளப்பதற்கு முன் பொம்மையை அளக்க வேண்டும். பொம்மை கேக்கில் பெரும்பாலோர் கவலைப்படுவது பாவாடையின் மடிப்புகளையும் நிறத்தையும் பற்றித்தான். கேக் கெட்டுப்போவதோ அவற்றால் அன்று, உயரத்தையும் சூட்டையும் கணக்கில் கொள்ளாததால்தான். உங்கள் இரண்டு குறைகளும் இந்த இரண்டு காரணங்களிலேயே அடங்கிவிடுகின்றன.

வழக்கமான பார்பி பொம்மையின் உயரம் சுமார் 29 செ.மீ.; இடுப்பிலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 17 அல்லது 18 செ.மீ. இருக்கும். உங்கள் பொம்மையை ஒரு ஸ்கேலால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். கேக்கின் உயரம் அந்த அளவுக்குக் குறைவாக இருந்தால், பாவாடை இடுப்பில் தொடங்காமல் தொடையில் தொடங்கும். அதை மறைக்க மேலே கிரீமைக் குவிப்போம். குவித்த கிரீமின் கனம் ஒரு பக்கம் இழுக்கும். சென்ற ஆண்டு நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் இடுப்பு வரை மட்டுமே உடலுள்ள, கீழே குச்சி வைத்த பாதி பொம்மைகள் கிடைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேருக்கான விருந்து என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒரே ஒரு கிண்ண கேக் அதற்குப் போதும். உங்கள் வீட்டுக்கு முப்பது பேர் வருகிறார்கள். மகளும் தன் பொம்மைதான் வேண்டும் என்கிறாள். ஆகவே முழு உயரக் கேக்கையே செய்யலாம்.

தனி அச்சு தேவையில்லை. ஏழு அங்குல வட்ட டின்னில் 5 செ.மீ. உயரத்துக்கு இரண்டு கேக்குகளும், ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் அரைக்கோள வடிவ எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு கேக்கும் சுட்டு, வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கிண்ண கேக்கை அவற்றின் மேல் கவிழ்த்தால், சுமார் 18 செ.மீ. உயரமுள்ள பாவாடை வடிவம் தானாகவே வந்துவிடும். கிண்ணத்தின் வாய் 15 அல்லது 16 செ.மீ. அகலம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடியோ அடிப்பாகமோ உள்ள கிண்ணமும் மெலமைன் கிண்ணமும் ஓடிஜிக்குள் போகவே கூடாது.

அடுத்தது மாவு. பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் கேக் இந்த உயரத்துக்குப் பொருந்தாது. செதுக்கும்போது உதிரும், மேல் அடுக்கின் எடையில் அமுங்கும். வெண்ணெய் கேக்தான் சரியானது. அதற்கு நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு முட்டைக்கு மைதா, உப்பில்லாத வெண்ணெய், பொடித்த சர்க்கரை ஆகிய ஒவ்வொன்றிலும் 50 கிராம். ஏழு அங்குல டின் ஒன்றுக்கு நான்கு முட்டைக் கணக்கும் கிண்ணத்துக்கு மூன்று முட்டைக் கணக்கும் போதும். நான்கு முட்டைக்கு ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், மூன்று மேசைக்கரண்டி பால் சேர்க்க வேண்டும்; மூன்று முட்டைக்கு இவற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். மதுரையின் மே மாதத்தில் வெளியே வைத்த வெண்ணெய் கால் மணி நேரத்திலேயே பளபளத்து இளகத் தொடங்கும். அப்படி இளகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. கேக் தட்டையாகவும் எண்ணெய்ப் பிசுக்குடனும் வரும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் தொடும்போது சற்றுக் குளிர்ச்சி இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் சர்க்கரையைச் சேர்த்து நிறம் வெளிறும் வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம்; மைதாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்தால் கூடிவரும். மூன்று கேக்குகளுக்கான மாவையும் ஒரே சமயத்தில் கலந்து வைத்துவிடாதீர்கள். ஒன்றை ஓடிஜியிலிருந்து எடுத்த பிறகு அடுத்ததைக் கலப்பதே நல்லது.

ஆழமான டின்னுக்கு 180 டிகிரி அதிகம். உள்ளே வேகும் முன் மேல்புறம் கருகி, நடுப்பகுதி கோபுரம்போல் எழும்பி வெடிக்கும். முன்கூட்டியே 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஓடிஜியில், கம்பித் தட்டைக் கீழ்ப் படியில் பொருத்தி, வட்டக் கேக்குகளை 45 முதல் 55 நிமிடமும், கிண்ண கேக்கை 50 முதல் 60 நிமிடமும் வேகவிடுங்கள். நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வர வேண்டும். பாதி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் மேற்புறம் சிவந்துகொண்டே போனால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம். ஆறிய கேக்குகளை கிளிங் ஃபிலிமில் (உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில்) சுற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். சுட்ட அன்றே செதுக்கினால் பொடிப்பொடியாக உதிரும் அதே கேக், குளிர்ந்து இறுகிய பிறகு கத்திக்கு அடங்கும். நம் வீடுகளில் கேக்கின் மேல் சர்க்கரைப் பாகு தெளிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஸ்பாஞ்சுக்கு அது தேவைதான், இந்தக் கேக்குக்கு வேண்டாம். பாகில் ஊறிய அடித்தட்டு மேலே உள்ள எடையைத் தாங்காது.

அடுக்கும் நாளில் முதல் வேலை, கேக்குகளின் மேடான மேற்பகுதியைப் பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் சீவிச் சமமாக்குவது. கேக் சாய்வதற்கான காரணங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரு அரை சென்டிமீட்டர் மேடுகூட மூன்றாவது அடுக்குக்குப் போகும்போது கண்ணுக்குத் தெரியும் சாய்வாகிவிடும். பிறகு ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் பொம்மையின் இடுப்பு அகலத்துக்கு, அதாவது சுமார் 4 செ.மீ. விட்டத்துக்கு, ஒரு துளை வெட்ட வேண்டும். அடுக்கிய பின் துளையிடுவதைவிட அடுக்குவதற்கு முன் தனித்தனியாகத் துளையிடுவது எளிது. வட்ட பிஸ்கட் கட்டரோ விளிம்பு கூர்மையான சிறிய டம்ளரோ போதும். வெட்டி எடுத்த துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். கேக்கை வைக்கும் 10 அல்லது 12 அங்குல அட்டை போர்டில் சிறிது கிரீம் தடவி முதல் வட்டத்தை ஒட்டுங்கள். அடுக்குகளுக்கு நடுவே பூசும் கிரீம் ஒரு தோசையின் தடிமனுக்கு மேல் போக வேண்டாம்; ருசிக்காகத் தாராளமாகப் பூசும் கிரீம்தான் அடுக்குகள் வழுக்கப் பாதையாகிறது. துளையைச் சுற்றி, இரண்டு வட்ட அடுக்குகளின் ஊடாக, நான்கு தடித்த ஸ்ட்ராக்களைக் கேக்கின் மட்டத்துக்கே வெட்டிச் செருகினால், கிண்ண கேக்கின் எடையை அவை தாங்கிக்கொள்ளும். பல்குத்தும் குச்சிகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகள் சாப்பிடும் கேக்கில் கண்ணுக்குத் தெரியாத கூர்முனை எதுவும் இருக்கலாகாது; செருகிய ஸ்ட்ராக்களையும் எண்ணி வைத்துக்கொண்டு, வெட்டும்போது அதே எண்ணிக்கையில் எடுத்துவிட வேண்டும்.

இடுப்பில் தொடங்கி அடி வரை சரிவு சீராக இறங்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். அதன் பிறகு கேக் முழுவதும் தூள்களை அடக்கும் மெல்லிய கிரீம் பூச்சு ஒன்று கொடுத்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த முதல் பூச்சு அழகுக்காக அன்று. அதன் மேல் போடும் இறுதிப் பூச்சில் பழுப்புத் தூள் கலக்காமல் தடுப்பதற்காகத்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது குறைக்கு வருகிறேன். பாலிலிருந்து எடுத்த வெண்ணெய் முப்பதைத் தாண்டிய சூட்டில் தன் உருவத்தை இழந்துவிடும். 38 டிகிரி அடிக்கும் கூடத்தில் வெண்ணெய் கிரீம் நிற்காது, அதில் உங்கள் கைப்பிழை எதுவும் இல்லை. அட்டைப் பெட்டியில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமை வாங்கி அடித்துப் பார்த்தவர்களும் ஏமாந்திருப்பார்கள். முப்பது சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இல்லாமல் கிரீம் கெட்டியாக எழும்பாது. அந்த ஃப்ரெஷ் கிரீம் குருமாவுக்கு உரியது. உங்கள் ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்றது, தாவரக் கொழுப்பால் செய்யப்பட்ட நான்-டெய்ரி விப்பிங் கிரீம். சுவையில் அது பால் கிரீமுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பேக்கரி கேக்குகளில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த வெள்ளைக் கிரீமோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். உறைந்த நிலையில் கிடைக்கும் இதை ஃபிரிஸரிலிருந்து முந்தைய நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றி இளகவிட்டு, கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் குளிரவைத்து, சில்லென்று இருக்கும்போதே அடிக்க வேண்டும். ஏற்கெனவே இனிப்புச் சேர்த்தே விற்கப்படுவதால் சர்க்கரை தேவைப்படாது. அளவில் மூன்று மடங்குக்கும் மேல் பெருகுமென்பதால் அரை லிட்டர் கிரீம் முழுக் கேக்குக்கும் போதும். கம்பியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேலும் அடித்தால் சொரசொரப்பாகி, மடிப்புகளின் ஓரங்கள் கிழிந்ததுபோல் தோன்றும்.

நிறம் என்றதும் குழந்தைகள் கேட்பது இளஞ்சிவப்பு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததற்குக் காரணமான ரோடமைன்-பி, இதே கவர்ச்சியான இளஞ்சிவப்பைத் தரும் துணிச்சாயம்தான். ஆகவே பெயர் அச்சிடாத பொட்டலச் சாயத்தை வாங்காமல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பொறித்த ஜெல் நிறத்தையே வாங்குங்கள். நீர்மமான நிறம் கிரீமைத் தளர்த்திவிடும். ஜெல்லில் குச்சி முனையளவு போதும், சில மணி நேரத்தில் அந்த நிறம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும் என்பதால் தேவையானதைவிட ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள். மினுக்குத் தூள் வாங்குவதானால், ‘நச்சற்றது’ என்று எழுதியிருப்பது போதாது. ‘உண்ணத்தக்கது’ என்றே எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

மடிப்புப் பாவாடைக்கு 104 எண் இதழ் நாஸில் (கிரீம் பிழியும் பையின் நுனியில் பொருத்தும் குழல்) நன்றாக வரும். அதன் அகலமான முனை கேக்கைத் தொட, குறுகிய முனை வெளிப்புறம் நோக்கியிருக்க, கையை மேலும் கீழுமாக லேசாக அசைத்துக்கொண்டே கேக்கைச் சுற்றி வர வேண்டும். வரிசைகளை அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போட்டால், ஓட்டுக் கூரைபோல ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் தலைப்பை மூடிக்கொள்ளும். கை இன்னும் பழகவில்லை என்றால் 1எம் நட்சத்திர நாஸிலால் ரோஜாக்களாகவே சுற்றி நிரப்பிவிடுங்கள். சிறு பிழைகள் அதில் தெரியாது. என்னைக் கேட்டால், மாம்பழ மஞ்சளில் வழவழப்பாகப் பூசி, அடியில் அரக்கு நிறக் கரை வைத்த பட்டுப்பாவாடைதான் எல்லாவற்றிலும் அழகு. ஆனால் பிறந்தநாள் உங்கள் மகளுடையது.

பொம்மையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஆடைகளைக் களைந்து, கூந்தலை மேலே தூக்கிக் கட்டி, கூந்தலையும் மார்பிலிருந்து பாதம் வரையிலும் கிளிங் ஃபிலிமால் இறுகச் சுற்றுங்கள். பெயின்ட் உணவில் படாதிருக்கவும், பிறகு பொம்மை விளையாட்டுக்குத் திரும்பவும் இது அவசியம். கைகளை மேலே உயர்த்திவிட்டுத் துளையில் இறக்கி, மேல்சட்டையைச் சிறு நட்சத்திரங்களாகப் பிழிந்து முடித்த பிறகு கைகளைக் கீழே இறக்கலாம். பொம்மை ஆடினால், எடுத்து வைத்த கேக் துண்டுகளை உதிர்த்துக் கிரீமில் பிசைந்து துளையின் இடைவெளியில் அடையுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு கிரீம் ஒட்டியாணம் பிழிந்தால் இணைப்பு மறைந்துவிடும். கேக்கை மண்டபத்துக்குக் கொண்டுபோவதானால் பொம்மையைத் தனியாக எடுத்துச் சென்று அங்கே செருகுங்கள், முப்பது செ.மீ. உயரமுள்ள கேக்குக்கு வழக்கமான பெட்டி மூடாது. காரில் ஏ.சி. போட்டு, மடியில் வைக்காமல், சமதளமான தரையில் வைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜின் தட்டுகளில் ஒன்றை முன்பே கழற்றி உயரம் பார்த்து வையுங்கள். கேக் வெளியே இருக்கும் நேரம், அந்தச் சூட்டில், ஒரு மணிக்கு மேல் போக வேண்டாம். பொம்மையின் கூந்தலும் உடலும் தீப்பட்டால் உருகக்கூடிய பிளாஸ்டிக்; எனவே மெழுகுவர்த்தியைப் பாவாடையில் குத்தாமல் போர்டின் முன்புறத்தில் தனியாக ஒரு சிறு கப்கேக்கில் ஏற்றுங்கள். பூச்சட்டி போலச் சீறும் வர்த்திகளைப் பொம்மை கேக்கின் அருகே கொண்டுவரவே வேண்டாம். ஊதி அணைத்ததும், கத்தியை வைப்பதற்கு முன், பொம்மையை மேல்நோக்கி நேராக உருவி மகளின் கையில் கொடுத்துவிடுங்கள். தன் பொம்மையின் அருகே கத்தி வருவதைப் பார்த்து அழாத ஐந்து வயதுக் குழந்தை அரிது. பிறகு கிண்ண கேக்கை முதலில் தனியே எடுத்துத் துண்டு போட்டு, ஸ்ட்ராக்களை உருவி எண்ணிவிட்டு, கீழ் வட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டினால் முப்பது பேருக்கும் தாராளமாக வரும்.