பைக் நம்பரும் வாரம் 60 வெள்ளியும்

கேள்வி: சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஊரில் நிற்கும் என் பைக் நம்பர் உட்பட நான்கு எண்களுக்கு, ஒவ்வொரு 4டி (நான்கு இலக்க எண் லாட்டரி) குலுக்கலிலும் எண்ணுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ‘பிக்’ கட்டுகிறேன், அதாவது எல்லாப் பரிசுகளுக்கும் சேர்த்துக் கட்டும் முறை. இரண்டு வருடத்தில் முதல் மூன்று பரிசுக்குக் கீழே உள்ள சின்னப் பரிசுகளில் இரண்டு ஸ்டார்ட்டர், ஒரு கன்சோலேஷன் விழுந்தது. கைமாற்று 500 வெள்ளி இருக்கிறது. நிறுத்த நினைத்தால், நிறுத்திய வாரமே பைக் நம்பர் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். புதன், சனி, ஞாயிறு என மூன்று குலுக்கலுக்கு வாரம் 60 வெள்ளி. இரண்டு வருடத்துக்கு 6,240. ஸ்டார்ட்டரில் 1,250 வீதம் 2,500, கன்சோலேஷனில் 300, ஆக வந்தது 2,800. போனது 3,440. இதில் உங்கள் ராசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒருவரே எல்லா எண்ணுக்கும் 1 வெள்ளி ‘பிக்’ கட்டினால் 10,000 வெள்ளி செலவு. முதல் மூன்று பரிசு 2,000, 1,000, 490. பத்து ஸ்டார்ட்டருக்கு 250 வீதம் 2,500, பத்து கன்சோலேஷனுக்கு 60 வீதம் 600. மொத்தம் 6,590தான் திரும்பி வரும். அதாவது சீட்டு வாங்கும்போதே வெள்ளிக்கு 34 காசு கழிந்துவிடுகிறது.

ஆனால் குலுக்கலுக்கு 23 எண்கள் எடுப்பதால், நான்கு எண் வைத்திருப்பவருக்குச் சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு பரிசு விழத்தான் செய்யும். 1,250 வெள்ளி வாங்கிய மாலை மனதில் நிற்கும். 20 வெள்ளி போன நாள்கள் நிற்காது.

அப்புறம் அந்தப் பயம். ஆசையைவிட அதுதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த எண் எத்தனை நாளாக விழவில்லை என்பது குலுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது. முதல் பரிசுக்கு உங்கள் பைக் நம்பருக்கு ஒவ்வொரு முறையும் 10,000-இல் ஒரு வாய்ப்புதான். 10,000 குலுக்கல் முடிய ஏறக்குறைய 64 வருடம் ஆகும். அத்தனை வருடம் விடாமல் கட்டினாலும், ஒருமுறைகூட முதல் பரிசு விழாமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. நீங்கள் நிறுத்திய வாரமே அது விழ 10,000-இல் மூன்றுதான்.

அறையில் யாராவது கள்ளத்தனமாகப் பந்தயம் வாங்கி நம்பர் எழுதினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது அங்கே குற்றம். தனியாக நிறுத்த முடியவில்லை என்றால் சிங்கப்பூரில் இதற்கென்றே உதவித் தொலைபேசி இருக்கிறது, தயங்காமல் பேசுங்கள்.

வாரம் 60 என்றால் மாதம் 260. சம்பளம் ஏறிய அன்றே அதை எடுத்து வையுங்கள். முதல் இரண்டு மாதத்தில் கைமாற்றை அடைத்துவிடலாம். மூன்றாம் மாதத்திலிருந்து ஊரில் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.