வாசகர் கேள்வி: மேடையிலிருந்து திரைக்கு வரும் ‘ஐந்தாம் ஹென்றி’

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யை ஒன்றரை மணி நேரப் படமாக எடுக்கத் திரைக்கதை எழுதுகிறோம். எதை வெட்டுவது? காட்சிகளுக்கு இடையே வந்து கதை சொல்லும் கட்டியங்காரன் தேவையா? (கல்லூரி நாடகக் குழு, திருச்சி)

பதில்: பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரிப் படையெடுக்கும் ஆங்கில அரசன் ஹென்றியின் கதை இது; மூலத்தில் 3,000 வரிகளுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் பாதிகூட நிற்காது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டும் அரசனின் குணத்தை மாற்றும். போர்க்காலத்தில், 1944-ல் வந்த படத்தில், நடித்து இயக்கிய லாரன்ஸ் ஒலிவியர் துரோகிகள் மூவர் பிடிபடும் காட்சி, முற்றுகையிட்ட பிரெஞ்சு நகரமான ஆர்ஃப்ளரின் மக்களுக்கு ஹென்றி விடும் கொடூரமான மிரட்டல், கைதிகளைக் கொல்லும் கட்டளை மூன்றையும் நீக்கினார். கிடைத்தது மாசற்ற வீரன். அதேபோல் நடித்து இயக்கிய கென்னத் பிரானா 1989-ல் துரோகிகளையும் மிரட்டலையும் திரும்பக் கொண்டுவந்தார். தேவாலயத்தில் திருடிய பழைய தோழன் பார்டால்ஃபுக்குத் தூக்கு என்பது நாடகத்தில் வெறும் பேச்சு. அதை அரசன் கண்ணெதிரிலேயே நடத்திக் காட்டினார். கைதிகள் பற்றிய கட்டளையை அவரும் விட்டுவிட்டார். நீங்கள் எதை விட்டாலும் பார்டால்ஃபை விடாதீர்கள். அரசனாக இருப்பதற்கு ஹென்றி கொடுக்கும் விலை அங்கேதான் தெரிகிறது.

தாராளமாகக் குறைக்க வேண்டியது, தொடக்கத்தில் பேராயர் பேசும் 60-க்கும் மேற்பட்ட வரிகள். பெண்வழியில் அரியணை உரிமை வருவதைத் தடுக்கும் சட்டம் பிரான்சுக்குப் பொருந்தாது என்பதே அதன் சாரம். எட்டு வரி போதும்; அப்போதும் கேமரா அரசன் முகத்தில் இருக்கட்டும்.

கட்டியங்காரன் வேண்டும். ஆனால் ‘குதிரைகளைக் கற்பனை செய்யுங்கள்’ என்று அவர் கேட்கும்போது திரையில் குதிரை ஓடினால் வசனம் செத்துவிடும். ஒன்று சொல்லுங்கள், அல்லது காட்டுங்கள். ஒலிவியர் ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் நாடக அரங்குக்குள் தொடங்கி மெல்ல வெளியே வந்தார். பிரானாவின் படத்தில் டெரெக் ஜேக்கபி வெறிச்சோடிய படப்பிடிப்புத் தளத்தில் நடந்தபடி பேசுகிறார்.

கேள்வி: அஜின்கோர்ட் போருக்கு முன் ஹென்றி தன் படைக்கு ஆற்றும் கிறிஸ்பின் திருநாள் உரையில் குரல் உச்சத்துக்குப் போகும்போது குளோசப் வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். குரலும் பெரிதாகி முகமும் பெரிதானால் கத்தலாகத் தெரியும். ஒலிவியர் செய்ததைச் செய்யுங்கள்: அருகில் தொடங்கி, குரல் எழ எழ கேமராவைப் பின்னுக்கு இழுங்கள். இன்னும் பத்தாயிரம் பேர் இருந்தால் நன்றாயிருக்கும் என்ற ஏக்கத்துக்குப் பதிலாகத் தொடங்கும் பேச்சு அது. முதல் வரிகள் நாலைந்து பேருக்கு மட்டும் கேட்டால் போதும். சுமார் 50 வரிகளையும் ஒரே ஓட்டமாக மூன்று முறை எடுங்கள். பிறகு வீரர்களின் முகங்களைத் தனியே எடுக்கும்போதும் நடிகர் கேமராவுக்குப் பின்னால் நின்று முழுதாகப் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் கண்கள் வெறுமையாக இருக்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: முப்பது பேரை வைத்து அஜின்கோர்ட் போரை எடுக்க முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: முடியும், வரலாறே உதவுகிறது. 1415 அக்டோபர் 25 அன்று சண்டை நடந்தது இரு காடுகளுக்கு நடுவே இருந்த குறுகிய, உழுத வயலில். முந்தைய இரவு மழை. அதனால் நெருக்கமான ஃபிரேமும் சேறும் பொய்யல்ல. தூரத்தில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டு, ஆட்களை முன்னும் பின்னுமாக நாலு வரிசையில் நிறுத்துங்கள்; கூட்டம் அடர்த்தியாகத் தெரியும். ஆங்கிலேயர் இடமிருந்து வலம், பிரெஞ்சுக்காரர் வலமிருந்து இடம்; இந்தத் திசை மாறினால் யார் யாரை அடிக்கிறார் என்றே புரியாது. உடையில் படியும் சேற்றின் அளவை மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வோர் உடையையும் நிலைவாரியாகப் புகைப்படம் எடுத்து வையுங்கள். மதியம் எடுத்த ஷாட்டில் உடை சுத்தமாகிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. வசனத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.