சங்கம் வந்தால் என் சம்பளம் குறையுமா?

கேள்வி: நான் மேல் கிரேடில் இருக்கும் டெக்னீஷியன். எங்கள் நிறுவனத்தில் தொழிற்சங்கம் அமைக்கப் பேசுகிறார்கள். "எல்லாரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், உனக்குத்தான் நஷ்டம்" என்கிறார் மேலாளர். நிஜமா?

பதில்: பாதி நிஜம். சங்கம் உள்ள இடங்களில் மேலுக்கும் கீழுக்கும் இருக்கும் சம்பள இடைவெளி சுருங்குவது பல நாடுகளில் பார்த்த விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் கீழே இருப்பவர் வேகமாக ஏறுவதால்தான் அது சுருங்குகிறது, மேலே இருப்பவர் இறங்குவதால் அல்ல. தனியாகப் பேசிப் பெரிய ஊதிய உயர்வு வாங்கிவிடும் சாமர்த்தியசாலி என்றால் மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் கை கட்டிப்போன மாதிரி இருக்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பது சங்கம் எப்படிக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. ஒருவர் சம்பளம் 10,000, இன்னொருவருக்கு 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 10 சதவீதம் என்றால் 11,000, 44,000. நான்கு மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கும், பண இடைவெளியோ 30,000-லிருந்து 33,000 ஆகிவிடும். இந்த உயர்வுக்கு ஆகும் மொத்தம் 5,000-ஐயே ஆளுக்கு 2,500 என்று பிரித்தால் 12,500, 42,500, அதாவது 3.4 மடங்குதான். நிர்வாகத்துக்குச் செலவு இரண்டிலும் ஒன்றே. ஒப்பந்தத்தில் சதவீதமா, தொகையா என்ற அந்த ஒற்றை வரியைப் பலர் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள்!

சுவீடனில் ஒரே வேலைக்கு எந்த நிறுவனத்திலும் ஒரே கூலி என்று சங்கங்களும் முதலாளிகளும் நாடு முழுக்கப் பேசி முடித்தார்கள், இடைவெளி வெகுவாகக் குறைந்தது. 1983-ல் பொறியியல் துறை முதலாளிகளும் உலோகத் தொழிலாளர் சங்கமும் அந்தப் பொது ஒப்பந்தத்திலிருந்து விலகித் தனியாகப் பேசினார்கள். ஆக, அளவுக்கு மீறிச் சுருக்கினால் விலகிப் போகிறவர்கள் வருவார்கள்.

அமெரிக்காவில் 1950-களின் நடுவில் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார், இப்போது பத்தில் ஒருவர்தான். தனியார் துறை ஆண்களிடையே கூலி ஏற்றத்தாழ்வு வளர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தச் சரிவே காரணம் என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சங்கம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே சங்கமில்லாத முதலாளிகளும் கூட்டிக் கொடுத்துவந்தது நின்றுபோனதும் அதில் அடக்கம்.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம். சங்கம் போடும் ஒப்பந்தம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று முதலில் கேளுங்கள். நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றால் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் உங்களுக்கும் இடையே புதிதாக ஒரு பள்ளம் விழும். பிரான்சில் சங்கத்தில் இருப்பவர்கள் 10 சதவீதம் அளவுதான், ஆனாலும் ஒப்பந்தம் கிட்டத்தட்ட எல்லா ஊழியரையும் எட்டுகிறது, ஏனென்றால் அங்கே அதைத் துறை முழுக்க நீட்டிக்கச் சட்டம் இருக்கிறது. அப்புறம், உங்கள் கிரேடுக்குத் திறனுக்கான படி (கூடுதல் தொகை) தனியாக வேண்டுமென்றால் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். கையெழுத்தான பிறகு சொன்னால் அடுத்த ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.