கணவன், மனைவி: தினமும் அதிக வேலை செய்வது யார்?

எங்கள் வீட்டில் அம்மாதான். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, ஒரு நாள் முழுக்க கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். நைனாவுக்குக் கைலித் தறி, அம்மா பீடி சுற்றுவார். வீட்டு விவரம் எழுத வந்த ஒருவர், "உங்க சம்சாரம் இன்னா வேலை?" என்று கேட்டார். "வூட்ல சும்மாதான் கீறா" என்றார் நைனா. அம்மா அதே திண்ணையில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை, கையும் நிற்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தக் கை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும். ராத்திரியே நனைத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்த இலையை, தகரத் துண்டை அளவாக வைத்துக் கத்தரிப்பார். தூள் வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்குவார். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்றுதான். அப்படியென்றால் இதை 1000 தடவை செய்யணும். நடுவில் குக்கர் விசில், சிலிண்டர்காரர், பாட்டிக்கு மாத்திரை எல்லாம் உண்டு.

விடியற்காலை 4.30 மணிக்குத் தெருக்குழாயில் குடம் வைத்ததிலிருந்து ராத்திரி 10.30 மணிக்கு மறுநாள் இலையை நனைத்தது வரை எழுதினேன். அம்மாவுக்கு வீட்டு வேலை மட்டும் 5 மணி 15 நிமிடம், பீடி 7 மணி நேரம். நைனாவுக்குத் தறி 9 மணி நேரம். குழித்தறி மிதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அவர் முட்டிக்கு நானே தைலம் தேய்த்திருக்கிறேன். ஆனால் வீட்டு வேலை என்று அவர் பக்கத்தில் எழுதக் கிடைத்தது பால் வாங்கப் போனது ஒன்றுதான். 50 நிமிடம். அதில் 40 டீக்கடை.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி.

நோட்டை நைனாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "டீக்கடைல நாப்பது இல்லம்மா, முப்பதுதான்" என்றார்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பதுதான். டிகாஷனைப் போட்டுட்டு பாலுக்குக் காத்துகினு இருந்தது நான்தானே" என்றார்.