ஓசூரில் ஒரு வீடு, இரண்டு மொழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் இருக்கிறோம். மகளுக்கு 14 மாதம். நானும் கணவரும் அவளிடம் தமிழ், மாமியார் தெலுங்கு. ‘அம்மா’ தவிர இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டு மொழியால் குழம்பிவிட்டாள், தெலுங்கை நிறுத்துங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பேச்சு வர போனில் ரைம்ஸ் போட்டுவிடவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாமியாரை நிறுத்தாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, சந்தையில் இன்னொன்று என்று கேட்டு வளராத பிள்ளை யார்? இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தடைப்படாது.

எல்லோரும் குழந்தையின் வாயையே பார்க்கிறார்கள். பேச்சு வருவதற்குப் பல மாதம் முன்பே சொல் புரியத் தொடங்கிவிடும். 2012-ல் அமெரிக்காவில் பெர்கெல்சன், ஸ்விங்லி என்ற ஆய்வாளர்கள் இருவர் 6 முதல் 9 மாதக் குழந்தைகளைத் தாய் மடியில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார்கள். தாய்க்குத் திரை தெரியாது. தெரிந்தால் கண்ஜாடை காட்டிவிடுவாளே! அவள் ஒரு படத்தின் பெயரைச் சொன்னதும் குழந்தையின் கண் எந்தப் படத்தில் தங்குகிறது என்று அளந்தார்கள். தின்பண்டம், கை கால் போன்ற பல சொற்களுக்குச் சரியான படத்தில்தான் தங்கியது.

நீங்களும் பாருங்கள். பந்து, செருப்பு, டம்ளர் மூன்றையும் பாயில் வையுங்கள். கை நீட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல் “பந்து எங்கே?” என்று கேளுங்கள். வழக்கமாக நாம் கையைக் காட்டிக்கொண்டேதான் கேட்கிறோம். பிள்ளை சொல்லைப் பிடித்ததா, கையைப் பிடித்ததா என்று தெரியாமலே மெச்சிக்கொள்கிறோம். பிறகு மாமியார் தெலுங்கில் கேட்கட்டும். பசி நேரத்தில் மட்டும் பரீட்சை வேண்டாம்.

போன் உதவாது. 2003-ல் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. அதையே டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. மாமியார் களி கிண்டிக்கொண்டே பேசுவது எந்த ரைம்ஸையும்விட மேல்.

ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலோ, விரல் நீட்டி எதையும் காட்டாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டு கவனிக்க மாவட்ட அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மையம் உண்டு. மாமியாரையும் கூட்டிப்போங்கள். என்னென்ன புரிகிறது என்று கேட்கும்போது தெலுங்குச் சொற்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அந்தக் கணக்கு அவரிடம்தான் இருக்கும்.