மட் நிரலில் இணைப்புகளைச் சரியாகத் திறப்பது எப்படி?

கேள்வி: முனையத்தில் மட் நிரலைக் கொண்டே மின்னஞ்சல்களைப் படித்து வருகிறேன். பிடிஎஃப் இணைப்பைத் திறந்தால் திரை முழுவதும் பொருளற்ற குறிகள் வருகின்றன. வெளி நிரலில் திறக்க வழி செய்தபோது, கோப்பே இல்லை என்ற பிழைச்செய்தி வருகிறது. தமிழில் பெயரிட்ட கோப்புகளின் பெயர்களும் சிதைந்து தெரிகின்றன. இவற்றைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். முதலில் அஞ்சலைத் திறந்து 'வி' விசையை அழுத்துங்கள். இணைப்புகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவரின் நிரல் இட்ட மைம் வகையும் (அது எத்தகைய கோப்பு என்று சொல்லும் குறிப்பு) தெரியும். அந்த வகையை வைத்தே, எந்த நிரலை அழைப்பது என்று மெயில்கேப் கோப்பில் மட் தேடுகிறது. 1993-இல் ஆர்எஃப்சி 1524 என்ற இணைய நுட்ப ஆவணம் வரையறுத்த இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே பயன்படுகிறது.

வகை 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்றிருந்தால், அதற்குரிய வரியை மெயில்கேப்பில் சேர்த்தாலே போதும். 'ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்றிருந்தால், அனுப்பியவரின் நிரல் வகையைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டின் அமைப்புக் கோப்பில் 'மைம்_லுக்கப்' கட்டளையை அந்த வகைக்கு எழுதினால், கோப்புப் பெயரின் பின்னொட்டைப் பார்த்து உண்மையான வகையை அது கண்டுகொள்ளும்.

மெயில்கேப்பில் பிடிஎஃப்புக்கு இரண்டு வரிகள் எழுதுவதே நல்லது. முதல் வரியில் வரைகலைக் காட்டியை (பிடிஎஃப்பைச் சாளரத்தில் காட்டும் நிரல்) எழுதி, 'டெஸ்ட்' புலத்தில், வரைகலைத் திரை இருப்பதைக் குறிக்கும் டிஸ்ப்ளே மாறி நிரம்பியிருக்கிறதா என்ற சோதனையை வையுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வெறும் முனையத்தில் இருக்கும்போது மட் அந்த வரியைத் தாண்டிவிடும். இரண்டாவது வரியில், பிடிஎஃப்பை வெறும் உரையாக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் நிரலை எழுதி, இறுதியில் 'கோப்பியஸ்அவுட்புட்' (நிரல் நிறைய உரையை வெளியிடும் என்பதற்கான குறி) என்று சேர்த்துவிடுங்கள். கோப்பின் பெயர் வந்து சேரும் %எஸ் குறியை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்கவே கூடாது. அந்தப் பாதுகாப்பை மட் தானே செய்கிறது. நாமும் குறி இட்டால் அது குலைந்து, தீய நோக்கத்தோடு பெயரிடப்பட்ட கோப்பு உங்கள் கணினியில் கட்டளையாகவே இயங்கிவிடக்கூடும்.

கோப்பு இல்லை என்ற பிழை, பலரை மட் நிரலையே கைவிட வைக்கிறது. இணைப்பைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, காட்டியை அழைத்து, அந்த அழைப்பு முடிந்தவுடன் மட் கோப்பை அழித்துவிடும். எக்ஸ்டிஜி-ஓப்பன் போன்றவை வேலையை இன்னொரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதால், உண்மையான காட்டி கோப்பைத் தேடும் நேரத்தில் அது அழிந்திருக்கும். காட்டியை நேரடியாக, முன்னணியிலேயே இயக்குங்கள்; அது இயலாவிட்டால், கோப்பை வேறு கோப்புறைக்கு நகலெடுத்து அந்த நகலைத் திறக்கும் சிறு ஸ்கிரிப்டை மெயில்கேப் வரியில் வையுங்கள்.

இனி, தமிழ்ப் பெயர்கள். சம அடையாளமும் கேள்விக்குறியும் தொடங்கி, நடுவே 'யுடிஎஃப்-8' என்று வந்து, நான்கு, கே, ஆறு என்ற மூன்று குறிகள் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அது பேஸ்64 முறையில் மாற்றப்பட்ட தமிழ்தான். கோப்புப் பெயருக்கான சரியான முறை ஆர்எஃப்சி 2231. ஆனால் சில அஞ்சல் நிரல்கள் தலைப்புகளுக்கு உரிய ஆர்எஃப்சி 2047 முறையையே இதற்கும் பயன்படுத்துகின்றன. 'ஆர்எஃப்சி2047_பாராமீட்டர்ஸ்' அமைப்பை 'யெஸ்' ஆக்கினால் பெயர் தமிழில் தெரியும். பழைய பதிப்புகளில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் காரணம் வேறு: முனையத்தின் லொக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இல்லை.

நீங்கள் அனுப்பும்போதும், அனுப்பும் முன் வரும் திரையில் ஒவ்வொரு இணைப்பின் வகையையும் பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால் கன்ட்ரோல்-டி (ஆங்கில T) அழுத்தி அங்கேயே திருத்தலாம்.